மேல்வீட்டுக் கோலிகுண்டு

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் கோலி விளையாடுவது யார்?

சீனாவின் ஹெஃபெய் நகரில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில், பாங் ஷூவென்னின் தலைக்கு நேர் மேலே இருந்த வீடு காலியாகி ஒரு மாதம் ஆகிறது. ஆனாலும் பகல் பன்னிரண்டு மணிக்கு, சீக்கிரமே சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயரும் நேரத்தில், நாள் தவறாமல், மேலே டக்... டக், டக், டக் என்று கோலிகுண்டு விழுந்து உருண்டது.

"சின்னப் பிள்ளைப் பேயா இருக்குமோ?" என்றாள் மனைவி லான்யிங்.

"பட்டப்பகல்ல வர்றதுக்கு அது பேயா, தபால்காரனா?"

ஷூவென் வீடுகளை வாங்கி விற்கிறவன். சுவருக்குள் என்ன ஓடுகிறது என்று அவனுக்குத் தெரியும்.

"குழாய்ல தண்ணி வேகமா வருது. வால்வைச் சட்டுனு மூடினா அது எங்க போகும்? முட்டும். திரும்பி வந்து மறுபடி முட்டும். குழாய் உதறும். அந்தச் சத்தம்தான் இது."

"சரி, பூட்டின வீட்ல வால்வை யாரு மூடுறா?"

அவனுக்கோ வேறொரு யோசனைதான் வந்தது. பேய் புகுந்த வீட்டை இந்த ஊரில் யாரும் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

அன்று மாலையே குடியிருப்போரின் கைபேசிக் குழுவில், மேல்வீட்டில் ஒரு குழந்தை அழுவதும் கேட்பதாக எழுதிப் போட்டான். விடிவதற்குள் ஆளாளுக்கு ஒரு பேயைப் பார்த்திருந்தார்கள்.

அடுத்த வாரம், ஒரு பை ஆரஞ்சோடு அந்த வீட்டின் சொந்தக்காரி ஷென் டீச்சரைத் தேடிப் போனான். கணவனை இழந்தவர், தங்கை வீட்டில் ஒண்டியிருந்தார்.

"உங்க வீட்டுக்கு இனிமே ஆள் வராது டீச்சர். அக்கம்பக்கத்துல எல்லாரும் சொல்ற விலையில மூணுல ரெண்டு பங்கு நான் தர்றேன். உங்க முகத்துக்காக."

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உனக்குப் பயமா இல்லையா தம்பி?"

"என் தலையெழுத்து டீச்சர்."

"அப்ப நடுவுல தரகர் வேண்டாம்ப்பா. அவருக்கு வேற எதுக்குத் தண்டம் அழணும்?"

ஷூவென்னுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது லான்யிங் முகத்தைச் சுளித்தாள். "பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்தவங்க. அவங்க போய்ப் பேயை நம்புறாங்களா?"

"பயம் வந்தா பிசிக்ஸ் எல்லாம் பறந்துடும். நீ உன் நூடுல்ஸ் கடையை விக்கிற வழியப் பாரு. ரெண்டே மாசத்துல கடைக்கு ரெண்டு கடையா வாங்கித் தர்றேன்."

கடை போனது. வீடு வந்தது. பத்திரம் பதிந்த மறுநாளே சாவியை மனைவியிடம் கொடுத்து மேலே கூட்டிப் பெருக்கச் சொல்லிவிட்டு, அவன் தரகர் ரென்னிடம் போனான்.

"பேயெல்லாம் இல்ல, வெறும் குழாய்தான்னு குழுவுல நானே எழுதிடறேன். முழு விலைக்கு ஆள் பாருங்க."

ரென் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த வீடு, ஷென் டீச்சர் வீடா? பாதி விலைக்குத் தள்ளிவிடச் சொல்லி அந்தம்மா ஆறு மாசம் என்கிட்ட நடையா நடந்தாங்களே. சொல்ற விலை ஆயிரம் இருக்கும் தம்பி, அந்தக் கட்டடத்துல வாங்கறவன் யாரு? ஆமா, நீங்க என்ன விலைக்கு எடுத்தீங்க?"

ஷூவென் விலையைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டான்.

மேல்வீட்டுச் சமையலறையில் லான்யிங் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அலமாரிக் கதவு திறந்திருந்தது. உள்ளே எதுவோ க்ளிக் என்றது. தண்ணீர் சீறி, சட்டென்று நின்றது. டக்... டக், டக், டக்.

"இந்தாங்க," என்றாள் லான்யிங். "நீங்க சொன்ன வால்வு."

வெளியூர் போகிறவர்கள் தொட்டிச் செடிகளுக்கு நேரம் குறித்து மாட்டிவிட்டுப் போகும் தானியங்கிக் குழாய் அது. அதிலிருந்து போன ரப்பர் குழாய் நேராகச் சாக்கடைக்குள் செருகியிருந்தது.

அந்த வீட்டில் ஒரு செடிகூட இருந்ததில்லை; கீழ்வீட்டுக்காரனுக்கு வைத்த தூண்டில் அது. நள்ளிரவுப் பன்னிரண்டு என்று நினைத்து ஷென் டீச்சர் நண்பகல் பன்னிரண்டை அழுத்தியிருந்தார்.