சிவப்புப் பந்தை விட்டவன்

"வெள்ளைப் பந்துன்னா பருந்து மாதிரி பாய்ஞ்சு பிடிக்கறே. சிவப்புப் பந்துன்னா மட்டும் உன் கை ஓட்டையாயிடறதா?"

திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் நின்ற வண்டியின் டிரைவர் சீட்டில் அறிவு உட்கார்ந்திருந்தான். கீழே வெயிலில் நின்று கேட்டவர் வெங்கடரமணன். மந்தைவெளியில் அவர் நடத்தும் கிரிக்கெட் கிளப்புக்குத்தான் அறிவு லீவு நாளில் ஆடுகிறான்.

"கை தவறிப் போச்சு சார்."

"ஒரு தரம்னா தவறினது. ஒவ்வொரு மேட்சிலேயுமா?"

வெங்கடரமணன் யாரையும் லேசில் நம்ப மாட்டார். வாசலில் வந்து கறக்கிற பால்காரனிடமே முதலில் சொம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிறவர்.

"இன்னிக்கு சாயங்காலம் கமிட்டி கூடறது. நீ எதிராளிகிட்ட விலை போயிட்டேன்னு சொல்றா. உன் பேரை அடிச்சுட்டா மெட்ராஸ்ல வேற எந்தக் கிளப்பும் உன்னைச் சேத்துக்காது. அதுக்கு முன்னாடி உன் வாயால கேட்டுண்டு போலாம்னு வந்தேன்."

அறிவு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நினைத்துத்தான் வாரம் முழுக்க வண்டி ஓட்டுகிறவன். பெண் பார்க்கப் போன வீட்டிலேயே, ஞாயிற்றுக்கிழமை தன்னை எதிர்பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் பாஞ்சாலியைக் கட்டினான்.

"நான் யார்கிட்டயும் போவல சார்."

"அப்போ இதுக்குப் பதில் சொல்லு. வேர்ல்டு கப்பைப் பார்த்துட்டு எல்லாரும் வெள்ளைப் பந்துல டோர்னமென்ட் நடத்தினாளே. அந்தப் பந்து இருக்கே, அது பெரிய ஆட்டக்காரி. மேல பாலிஷ் பளபளன்னு இருக்கும். புதுசுல காத்துல அப்படியும் இப்படியும் நெளியும். கையில விழறச்சே சுள்ளுன்னு இருக்கும். நம்ம பசங்க அத்தனை பேரும் கோட்டை விட்டா. நீ ஒருத்தன்தான் விடலை. அழுக்கேறிப் பழுப்பாப் போனப்புறம் பேட்ஸ்மேனே பந்து தெரியலேங்கறான், நீ எல்லைக்கோட்டுல ஓடிப் போய்ப் பிடிக்கறே."

"அது... நல்லா வந்துச்சு சார்."

"சிவப்புப் பந்து சாது. நாள் பூரா தேய்ச்சாலும் சொன்ன பேச்சு கேக்கும். லீக் பூரா நமக்கு அதுதான். அது புல்லுல உருண்டு உன் காலண்டை வரது, நீ வேற எங்கேயோ பார்த்துண்டு நிக்கறே. தாண்டிப் போனப்புறம் குனியறே. கஷ்டமானதைப் பிடிக்கறவன் சுலபமானதை விட்டா, வேணும்னு விடறான்னுதானே அர்த்தம்?"

படிக்கட்டில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்த கண்டக்டர் ஷரஃபுதீனுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சார் நீ, போலீஸ் டேசன் மாதிரி கேட்டுகினே கீற? மன்சன் கண்ணுதான? ஒரு நேரம் பார்க்கும், ஒரு நேரம் பார்க்காது."

வெங்கடரமணன் அவனை முறைத்தார். பிறகு அறிவைப் பார்த்தார். முகம் கொஞ்சம் இளகியது.

"கண்ணா? எனக்கு இது தோணவே இல்லையே. ஏண்டா, கண்ணுல கோளாறு ஏதாவது இருக்கா?"

அறிவு துணியை எடுத்து முன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"இருந்தா சொல்லித் தொலையேண்டா! என் மச்சினன் அடையாறுல கண் டாக்டர். டூட்டி முடிஞ்சு வா, நானே கூட்டிண்டு போறேன். உன்னை வேலைக்கு எடுத்தவா மாதிரி நாலு எழுத்தைப் படிக்கச் சொல்லிட்டு அனுப்ப மாட்டான். அக்கு வேறு ஆணி வேறாப் பார்த்துடுவான். அவன் எழுதிக் குடுத்தா கமிட்டி வாயை மூடிண்டுடும். ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல நீ ஆடலாம். உங்க டிப்போ மேனேஜரும் தெரிஞ்சவர்தான், அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வெக்கறேன்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி வருவது அபூர்வம். ஷரஃபுதீன் நிம்மதியாக மிச்ச வடையை வாயில் போட்டுக்கொண்டான்.

அறிவுக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார்."

"அப்புறம்?"

"நீங்க சொன்னதுதான். எதிர் டீமு ஆளுங்க வந்து பார்ப்பாங்க. வாங்கிக்குவேன். வேணும்னுதான் உட்டேன்."

வெங்கடரமணன் கையிலிருந்த குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். காலமெல்லாம் எல்லாரையும் சந்தேகப்பட்ட மனுஷர். ஒருவன் ஆமாம் என்று ஒப்புக்கொண்டதும் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"தூ! இனிமே கிரவுண்டு பக்கம் உன் தலை தெரியப்படாது" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நேரமாகிவிட்டது. ஷரஃபுதீன் விசில் கொடுத்தான். வண்டி கிளம்பியதும் முன்னால் வந்து, டிரைவர் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"யோவ், உனுக்கு இன்னா பைத்தியமா? ஒருத்தன் டீ வாங்கிக் குடுத்தாலே மறுநாள் திருப்பி வாங்கிக் குடுக்கிற ஆளு நீ. நீ போயி யார்கிட்டயா வாங்கின? அந்தாளே தப்பிக்க வழி காட்றாரு, நீ திருட்டுப் பட்டத்தைக் கேட்டு வாங்கித் தலையில வெச்சிக்கினியே!"

"பட்டம் சோத்தைப் புடுங்காதுபா. நீ டிக்கெட்டைப் போடு, போ."

ஷரஃபுதீன் தலையில் அடித்துக்கொண்டு பின்னால் போனான்.

அடையாறு சிக்னல் வந்தது. மேல் விளக்கு எரிந்தது, நிறுத்தினான். கீழ் விளக்கு எரிந்தது, வண்டியை எடுத்தான். மேலா கீழா என்று பார்த்துத்தான் அறிவு இத்தனை வருஷமும் பஸ் ஓட்டுகிறான். சிவப்பும் பச்சையும் பிறந்ததிலிருந்தே அவன் கண்ணுக்கு ஒரே நிறம், விளக்கிலும் சரி, புல்லில் உருண்டு வரும் பந்திலும் சரி.