சந்தியில் சிரித்தவன்

"ஸலாஹுதீன் நானா! வெளிய வாங்க!"

வேலிப் படலையை உதைக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு கைருன்னிஸா உள்ளே வந்தாள். பின்னால் தில்லையடி ஊர்ப் பெண்கள் நாலு பேர்.

சந்தியில் இரண்டு வருடமாகத் தொங்கிய பெனரைக் காணோம். 'எங்கள் மண்ணின் முதல் பொறியியலாளர்' என்று கொட்டை எழுத்து. கீழே அவள் மகன் ஃபைஸலின் சிரித்த முகம். அவனுக்குக் கெம்பஸில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது ஊர் சேர்ந்து கட்டியது. இன்று காலையில் ஸலாஹுதீன் அதை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனதைக் கடைக்கார ஹமீட் கண்ணால் கண்டிருக்கிறார்.

களப்பில் வலை போடுகிற மனிதர், ஈரச் சாரத்தோடு வாசலுக்கு வந்தார்.

"மெல்லக் கதைங்க தங்கச்சி."

"ஏன் மெல்ல? ஊர் கேக்கட்டும்! உங்கட மவன் மூணு தரம் ஏ.எல். சோதனை எடுத்தும் கெம்பஸ் போகல்ல. அதுக்கு என்ட புள்ளட முகத்த அறுக்கிறதா?"

"ஓம். நான்தான் அறுத்தேன்."

"பாத்தீங்களா, வெக்கமில்லாம ஓம் எண்டுறாரு!"

"எரிச்சல் புடிச்ச மனிசன்," என்று பின்னால் ஒருத்தி சிரித்தாள்.

கைருன்னிஸாவின் கோபத்துக்கு அடியில் ஒரு பயம் கிடந்தது. ஃபைஸல் கெம்பஸிலிருந்து ஊருக்கு வந்து ஆறு கிழமை. அறைக் கதவு சாத்தியபடி. சோறு தட்டிலேயே காய்கிறது. ஒருநாள் வாய் திறந்தான். "பாடமெல்லாம் இங்கிலீஷ்ல உம்மா. ஒண்டும் ஏறுதில்ல. ரெண்டு பாடம் ஃபெயில்."

"பெனர்ல படம் போட்ட புள்ள கதைக்கிற கதையா இது?" என்றாள் அவள்.

அதன்பிறகு அவன் வாய் திறக்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம், 'சோதனைக்குப் படிக்கிறான்' என்று சொல்லிவைத்தாள்.

"நான் புதுசா பெனர் அடிப்பேன்! இதவிடப் பெருசா!"

"ஃபைஸல் எங்க?" என்று கேட்டார் ஸலாஹுதீன்.

"அறையில. படிக்கிறான்."

"கதவத் திறந்து பாத்தீங்களா?"



அவர் திரைச்சீலையை விலக்கினார். உள்ளே பாயில், அவருடைய மகனின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஃபைஸல் சுருண்டு கிடந்தான். நல்ல உறக்கம். தலைமயிர் இன்னும் காயவில்லை.

கைருன்னிஸா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். 

"விடியச் சுபஹு தொழுதுட்டு வலை தூக்கப் போனேன்," என்றார் அவர், தணிந்த குரலில். "கழுத்தளவு தண்ணியில நிண்டான். கூப்பிட்டேன், திரும்பல்ல. கிட்டப் போய்க் கைய நீட்டினேன், புடிக்கல்ல."

உறங்குகிறவனைத் திரும்பிப் பார்த்தார்.

"'சந்தியில ஒருத்தன் சிரிச்சிட்டு நிக்கிறானே மாமா, அவன இறக்குறேண்டு சொல்லுங்க, நான் கரைக்கு ஏறுறேன்' எண்டான்."