ஆளுக்கு நாலு சதுர அடி

“பத்துப் பேர் உட்கார்ந்தா பதினோராவது ஆள் அடுத்தவ மடியிலதான் உட்காரணும், சாராள்!”

“என் வூட்டை நீங்க வந்து பாத்தீங்களாக்கா?”

சர்ச் வராந்தாவில்தான் இந்தச் சத்தம். நான் செருப்பைத் தேடுகிற சாக்கில் அங்கேயே நின்றுகொண்டேன்.

எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் மாதம் ஒரு வீட்டில் ஜெபம். மொத்தம் இருபத்தொரு பேர். ஏழு வருடத்தில் எல்லார் வீட்டுக்கும் முறை வந்துவிட்டது, சாராள் வீட்டைத் தவிர. ‘இடம் போதாது’ என்பது தலைவி ஜெயசீலி அக்காவின் தீர்ப்பு. ரிட்டையர்டு டீச்சர். அவர் பேசினாலே சிவப்பு மையில் எழுதியது போலிருக்கும்.

சாராளுக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை. கழுத்தும் காலுமாகக் கோணிக்கொண்டு கிடக்கும் தோலை இத்தனை சதுர அடி என்று அளந்து எழுதுகிறவள். நாலு சுவரும் நேராக நிற்கிற ஹால் அவளுக்கு எம்மாத்திரம்?

ஜெப நோட்டீசைத் திருப்பி, பின்பக்கம் கணக்குப் போட்டாள்.

“ஹால் பதினொண்ணுக்குப் பத்து. நூத்திப்பத்து சதுர அடி. ஃபிரிட்ஜுக்கு நாலு, நடக்கிற வழிக்குப் பதினெட்டு கழிச்சிக்கோங்க. எம்பத்தெட்டு கீது. சப்பணம் போட்டா ஆளுக்கு ரெண்டுக்கு ரெண்டு, நாலு சதுர அடி. இருபத்திரெண்டு பேர் உக்காரலாம்.”

“எனக்கு முட்டி வலி. சேர் வேணும்.” மடக்கிவிட்ட சந்தோஷம் ஜெயசீலி அக்கா முகத்தில்.

“சேருக்கு ஆறு. மிச்சம் எம்பத்திரெண்டு. கீழ இருபது பேர், மேல நீங்க. இருபத்தொண்ணு ஆச்சா?”

“ரெண்டு சதுர அடி மிஞ்சுதே?” டீச்சர் புத்தி, கழித்தலைச் சரிபார்க்காமல் விடவில்லை.

“சுண்டல் குண்டான் வைக்கதான்க்கா.”

பக்கத்தில் நின்ற எங்கள் ஐக்கியத்து ஈவ்லின் சும்மா இருக்கவில்லை. “அப்படியே ஜெயசீலி அக்கா ஹாலுக்கும் போட்டுப் பாரேன்!”

“எரநூறு சதுர அடி. சோபா, ஷோகேஸ், டைனிங் டேபிள்னு நூத்திநாப்பது போச்சு. அறுபதுல பதினைஞ்சு பேர்.”

உண்மைதான். அங்கே ஜெபம் என்றால் நாங்கள் ஆறு பேர் மாடிப்படியில் உட்கார்ந்துதான் பாடுவோம்.

அடுத்த மாதம் சாராள் வீட்டில் ஜெபம்.

இருபது பேர் கீழே, ஒருவர் மேலே. என் முட்டி ஈவ்லின் முட்டியில் இடிக்கவில்லை. இடிக்கட்டும் என்று கொஞ்சம் நகர்ந்துகூடப் பார்த்தேன். சாராள் கடைசியாக வந்து, தனக்கு மிச்சமிருந்த நாலு சதுர அடியில் சம்மணமிட்டு, எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மட்டும் ஹால் போதவில்லை.

தோல் வாடை அடிக்குமே என்று நான் கைக்குட்டையில் சென்ட் போட்டுக்கொண்டு போயிருந்தேன். வீட்டில் பினாயில் வாசம்தான்.

அதற்கு ஏழு வருடம் முன்பும் அந்த வாடையைத்தான் நினைத்தேன். அதை வெளியே சொல்ல முடியாதே. அதனால், இடம் போதாது என்று ஜெயசீலி அக்காவிடம் முதலில் சொன்னது நான்தான்.

போன வருடம் சாராள் மகள் பிளஸ்ஸியை வண்டலூரில் கட்டிக்கொடுத்தார்கள். சாராளும் அந்தப் பக்கமே குடிபோய்விட்டாள். வரிசையில் அவள் பெயரை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. அவள் முறை வருகிற மாதம், நாங்கள் இருபது பேரும் டிக்கெட் எடுத்து ரயில் ஏறுகிறோம்.