மூட்டை கட்டிய பிடிஎஃப்

ஒரே கல்யாணப் பத்திரிகையின் இரண்டு கோப்புகள் பென்டிரைவில் ஏறி அச்சகத்துக்குப் போயின. இரண்டுக்குமே அச்சேற ஆசை. பிடிஎஃப் தன் எழுத்துருக்களை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டது.

"போற இடத்துல கிடைக்காதாண்ணே?" என்று வேர்டு கோப்பு கைவீசிக்கொண்டு வந்தது.

அங்கே கிடைக்கவில்லை. இரவல் எழுத்துருவில் அதன் வரிகள் பருத்து, மாப்பிள்ளையின் பெயர் இரண்டாம் பக்கத்தில் போய் விழுந்தது.

"இதுக்குத்தான் தம்பி மூட்டை" என்று பிடிஎஃப் அச்சுக்குத் தயாரானபோது, மண்டபம் மாறிவிட்டதென்று பெண்ணின் அப்பா போன் செய்தார். புது மண்டபத்தின் பெயருக்கு இடம்விட பிடிஎஃப் எவ்வளவோ முயன்றது, முடிச்சு அவிழவில்லை.

"நீங்க உட்காருங்கண்ணே" என்று வேர்டு கோப்பு நகர்ந்து அந்தப் பெயருக்கு இடம் கொடுத்தது. அவசரத்தில் அதை அப்படியே அச்சடித்தார்கள்.

பெண்வீட்டார் பயந்துகொண்டேதான் பத்திரிகையை நீட்டினார்கள். மாப்பிள்ளையின் அத்தை புரட்டிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே, நம்ம பையனுக்குத் தனிப் பக்கமே கொடுத்திருக்காங்க" என்றாள்.