டி டிரைவ்

வீட்டுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது அதன் ஹார்ட் டிஸ்க்கை அப்பா பங்கு பிரித்து, ‘டி’ பெரியவள் மங்கைக்கு, ‘இ’ சின்னவள் தமயந்திக்கு என்று கொடுத்தார். ஒருத்தி பங்கை மற்றவள் திறக்க மாட்டாள். அப்பா போனபின் வீட்டைப் பங்கு பிரித்ததில்தான் இருவருக்கும் பேச்சு நின்றது.

பரணில் கிடைத்த அந்த டிஸ்க்கைத் தமயந்தி ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்கார ஜாபர் அதைத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். டிஸ்க் முனகிச் சுழன்றது. திரையில் ஒன்றும் வரவில்லை.

“கம்ப்யூட்டருக்கு டிஸ்க் தெரியுது மேடம். சி, டி மாதிரி எழுத்துதான் இன்னும் குடுக்கல. அது டிஸ்க்கோட வராது, மாட்டுற கம்ப்யூட்டர்தான் குடுக்கணும். மங்கைன்னு பேர் வச்ச பங்குக்கு எஃப்னு போடட்டுமா?”

“டி போடுங்க.”

“டி-ல என்னோட டிரைவ் இருக்கே.”

“கொஞ்ச நேரத்துக்கு மாத்துங்க தம்பி. இது எங்க அக்காவோடது.”

ஜாபர் மாற்றினான். ‘டி’ திரையில் வந்து நின்றது. தமயந்தி அதைத் திறக்காமல் போனை எடுத்தாள்.

“அக்கா, உன் டி டிரைவ் கிடைச்சிருக்கு. திறக்கட்டுமா?”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றது.

“அதுல அப்பா பாடினது இருக்கும்டி” என்றாள் மங்கை. “ஷேவ் பண்ணும்போது பாடுவாரே, அவருக்குத் தெரியாம மைக்க ஆன் பண்ணி வச்சேன். போடு, ரெண்டு பேரும் கேப்போம்.”