அடிப்பிடித்த சட்டி

"சட்டி எவர்சில்வரா, அலுமினியமா? அதை முதல்ல சொல்லுங்க."

பின்னாலிருந்து வந்த குரல் கேட்டுத் தையல்காரம்மா திடுக்கிட்டுத் திரும்பினாள். சமையலறை வாசலில் எதிர்வீட்டு டீச்சர் நின்றிருந்தார். முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தலையணையின் மடிப்பு இன்னும் கன்னத்தில் கோடாக இருந்தது.

"எவர்சில்வர்தான் டீச்சர்."

"அப்ப பிழைச்சுது. அலுமினியத்துல சோடா போட்டா இன்னும் கறுத்துடும். தீஞ்ச வாசனை என் வீடு முழுக்க இருக்கு, தெரியுமா? எழுந்ததும் நேரா இங்கதான் வர்றேன். என்ன, கறியா?"

"கறிதான்."

டீச்சர் எட்டிப் பார்த்தார். தொட்டியில் கிடந்த சட்டிக்குள் கறித் துண்டுகள் கரித் துண்டுகளாகியிருந்தன. பொங்கி வழிந்த மசாலா வெளிப்பக்கமும் விளிம்பு வரை கறுப்பாக அப்பியிருந்தது.

"ஆறு மணிக்குள்ள இது பளிச்சுன்னு ஆகணும்," என்றாள் தையல்காரம்மா. "பார்த்தா அவ்வளவுதான். இன்னொரு தடவை கருகினா கேஸையே கழட்டிடுவேன்னு போன தடவையே சொல்லியாச்சு."

"உங்க பையன் அவ்வளவு கோபக்காரனா? மாடிப்படியில பார்த்தா பூனை மாதிரி போறானே."

தையல்காரம்மா சட்டியில் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தாள். "கோபம் இல்லை டீச்சர். பயம்."

சுவர்க் கடிகாரத்தில் நாலரை. டீச்சர் உரிமையோடு டப்பாக்களைத் திறந்து பார்த்து, சமையல் சோடாவை எடுத்து மூன்று கரண்டி போட்டார். "கொதிக்கட்டும். பிடிச்சிருக்கிற கொழுப்பைச் சோடா சோப்பாக்கிடும். அப்புறம் கொஞ்சம் வினிகர். சுரண்டவே வேண்டாம், தானா உரியும். போன வாரமும் இதைத்தானே கேட்டீங்க?"

"ஆமா. சரியா மனசுல நிக்கலை."

"சரி, பதிலுக்கு எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் வைக்கிற கறி மட்டும் ஏன் ரப்பர் மாதிரி இருக்கு? மென்னு மென்னு தாடை வலிக்குதுங்கறா என் பொண்ணு."

தையல்காரம்மா முதன்முறையாகச் சிரித்தாள். "நார் போற பக்கமாவே வெட்டறீங்க டீச்சர். குறுக்க வெட்டணும். துணியில நூலோட்டம் பார்த்துக் கத்தரி வைக்கிற மாதிரிதான். உப்பு, தயிர், ஒரு துண்டு பப்பாளிக்காய் அரைச்சுத் தடவி ஒரு மணி நேரம் ஊறட்டும். சின்னத் தீ போதும். கொதிக்கிறப்ப பச்சைத் தண்ணி ஊத்திடாதீங்க. எழுதி வச்சுக்கறீங்களா?"

"எதுக்கு? முப்பது வருஷம் நோட்ஸ் இல்லாம பாடம் நடத்தினவ நான்."

சோடாத் தண்ணீர் நுரைத்து, பழுப்பாகி, கொதிக்கத் தொடங்கியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சரின் மனம் ஒரே இடத்தில் சுற்றியது. ஒரு நூல் பிசகாமல் துணி வெட்டுகிறவள், கறியின் நாரைக்கூடக் கண்ணால் படிக்கிறவள், அடுப்பில் வைத்த சட்டியை எப்படி மறப்பாள்? அதுவும் வாரத்துக்கு ஒன்று?

"கோபிச்சுக்காதீங்க. மறதி வருதா?"

தையல்காரம்மா அடுப்பின் தீயைக் குறைத்தாள்.

"வர்ற மாதிரிதான் இருக்கு டீச்சர்."

"பையன்கிட்ட நான் பேசவா? டாக்டர்கிட்ட காட்டினா..."

"இப்ப வேண்டாம்." வார்த்தை வேகமாக வந்தது. பிறகு குரல் தணிந்தது. "காட்டத்தான் வேணும். எப்படி எடுத்துச் சொல்றதுன்னுதான் தெரியலை. அடுப்பும் கையை விட்டுப் போயிட்டா பகல் முழுக்க என்ன செய்யறது? சுவரைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கறதா?"

பகல் எவ்வளவு நீளம் என்று டீச்சருக்கும் தெரியும். "நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்," என்றார். "நீங்க அடுப்பு பத்த வைக்கிறப்ப என்னைக் கூப்பிடுங்க. பக்கத்துல உட்கார்ந்து பேசிட்டிருக்கேன். ரெண்டு பேர் இருந்தா எதுவும் கருகாது."

தையல்காரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நிஜமாவா டீச்சர்? தினமும்?"

"தினமும்தான். எனக்கு வேற என்ன வேலை?"

அழைப்புமணி அடித்தது. யாரோ கால்சட்டைக்கு நீளம் குறைக்க வந்திருந்தார்கள். தையல்காரம்மா அடுப்பை அணைத்து, சட்டியைத் தொட்டியில் இறக்கிவிட்டுக் கூடத்துக்குப் போனாள். பாதி வழியில் நின்று திரும்பினாள். "நீங்க தொடாதீங்க. நான் வந்து தேய்ச்சுக்கறேன்."

தொடாமல் இருக்க டீச்சரால் முடியவில்லை. சோடா வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? வினிகரை ஊற்றினார். நுரை சீறி அடங்கியது. தேய்க்கும் நாரை எடுத்து உள்ளே ஒரு சுற்றுச் சுற்றினார். கரி ஏடு ஏடாகக் கழன்று வந்தது. வகுப்பில் ஒரு சோதனை சொன்னபடியே நடக்கும்போது வரும் அந்தப் பழைய சந்தோஷம் வந்தது. கூடத்தில் தையல்காரம்மா அளவு சொல்லும் குரல் கேட்டது. குழாயைத் திறந்து, சட்டியைத் திருப்பி, வெளிப்பக்கத்தையும் தேய்த்தார்.

விளிம்புக்குக் கீழே ஒரு பட்டை உரிந்தது. அடியில் வெட்டெழுத்துகள்.

டீச்சர் கட்டைவிரலால் துடைத்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். 'எங்கள் வேதியியல் ஆசிரியைக்கு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள்.'

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. தையல்காரம்மா எப்போது வந்து பக்கத்தில் நின்றாள் என்று தெரியவில்லை. அவர் கையிலிருந்து சட்டியை மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு டீச்சர்," என்றாள். "உங்க பொண்ணு வர்றதுக்குள்ள தேய்ச்சு, எடுத்த இடத்துல, உங்க அடுப்பு மேலேயே வச்சுடலாம்."