பருந்து வண்டியின் மண்

பட்டப்பகலில், இத்தனை பேர் நடுவில், அந்த ஆள் எச்சில் தொட்டு மண்ணைக் குழைத்துப் பருந்தின் வண்டியில் அப்பிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஹலோ பெரியவரே! கையை எடுங்க முதல்ல!"

எடுத்தார். விரலெல்லாம் சேறு.

மேடு பள்ளத்தில் ஓடும் பழைய மோட்டோகிராஸ் பந்தய பைக்குகளின் கண்காட்சி. என் வேலை சின்னது. ஒவ்வொரு வண்டியிலும் ஃப்ரேம் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் படித்து நோட்டில் எழுத வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் 'அசல்' முத்திரை. படிக்க முடியாவிட்டால் கிளப் செயலாளர் பழைய போட்டோவைப் பார்த்து அந்த முத்திரையைக் குத்திவிடுவார். பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆனால் பொய் எழுதியதில்லை. பரீட்சையில்கூடத் தெரியாததைத் தெரியாது என்றுதான் எழுதினேன்.

பருந்தின் வண்டியைக் காலையிலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்திருந்தேன். ஷாக் அப்சார்பர் என் உள்ளங்கை அளவுகூட அமுங்காது. பிரேக், ஏதோ டப்பா மாதிரி. இதில் உட்கார்ந்துதான் அந்த மனிதர், அதோ தெரிகிற ஓடைப் பள்ளத்தை ஒரே தாவில் தாண்டினார். நாற்பத்தொரு வருடம் ஆகிறது. அதுவரை எவனும் தாண்டியதில்லை. அன்றிலிருந்து அவர் பெயரே பருந்து. சாம்பியன் பட்டம் வாங்கிய கையோடு வண்டி வீட்டுக் கூடத்தில் ஏறியது. அன்றைய சேற்றைக்கூடக் கழுவாமல் அப்படியே காயவிட்டு வைத்திருந்தார்கள். போன வருடம் பருந்து இறந்துபோனார். இப்போது மகள் கொண்டுவந்திருந்தார்.

மண்ணை அப்பியவரை இங்கே எல்லாருக்கும் தெரியும். அவருக்குப் பெயரே வயித்துவலி. பருந்து தாவிய அந்த வருடக் கடைசிப் பந்தயத்தில், அதுவரை புள்ளிக் கணக்கில் முன்னால் இருந்தவர் இவர்தான். கிளம்புகிற நேரம் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பருந்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று இன்றுவரை சிரிக்கிறார்கள். கிளப்பின் கட்டாயத்துக்காகக் கொண்டுவந்திருந்தாலும், இன்றைக்கும் தன் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடித்தான் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்.

என் சத்தம் கேட்டு மகள் ஓடி வந்தார்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"காய்ஞ்ச மண்ணு கொஞ்சம் உதிர்ந்து போச்சும்மா. அதான்..."

"அப்பா போயும் உங்க பொறாமை போகலையா?"

"விடுங்கக்கா, வயித்துவலி இன்னும் குறையல போல," என்று எவனோ சொன்னான். ஒரே சிரிப்பு.

"சின்ன வயசுல உங்களைப் போய் மாமா மாமான்னு கூப்பிட்டேனே," என்றார் மகள். பிறகு என்னிடம், "நல்லாத் துடைச்சு எழுதும்மா. அசல் முத்திரையோட அப்பா வண்டி இன்னிக்கே கிளப் ஹாலுக்குப் போகணும்," என்று சொல்லிவிட்டுச் செயலாளரைக் கூப்பிடப் போனார்.

துடைத்தேன்.

ஃப்ரேமில் 417. இன்ஜினில் 402.

மறுபடியும் துடைத்தேன். 402தான்.

"பார்த்துட்டியா?" என்றார் வயித்துவலி.

"இது அவர் இன்ஜினே இல்ல!"

"கத்தாதே. அன்னிக்குக் காலையில பிராக்டீஸ்ல அவன் இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு. யாரோ ஒருத்தன் தன்னோடதைக் கழட்டிக் குடுத்தான்."

"அடுத்தவங்க இன்ஜின்ல ஓட்டினா பட்டம் செல்லாதே?"

"செல்லாது. அதான் மண்ணு."

"அப்போ அது திருட்டு ஜெயம்."

"ஏய்! பள்ளத்தைத் தாண்டினது இன்ஜினா? எந்தக் கழுதையும் ஆக்சிலேட்டரை முறுக்கும். அவன் நடு வானத்துல முறுக்கிறதை விட்டுட்டான், பொண்ணே. சத்தமே இல்ல. சும்மா காத்துல நிக்கிறான். கீழ ஒருத்தரும் மூச்சு விடல." அவர் கண் ஓடைப் பக்கம் போயிருந்தது. இன்னும் அங்கே யாரோ பறந்துகொண்டிருக்கிற மாதிரி பார்த்தார்.

என் கண்ணும் அங்கே போனது; சட்டென்று நோட்டுக்குத் திருப்பிக்கொண்டேன்.

"இன்ஜினைக் குடுத்தவன் லூசா?"

"லூசுதான். அவனுக்கு ஜெயிக்கத் தெரியும், பறக்கத் தெரியாது. ஒரு தடவையாவது பறக்கிறதைப் பார்த்துடணும்னு ஆசைப்பட்டுட்டான்."

கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்ததை எழுதுவதுதான் என் வேலை. பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் உறைத்தது.

"நான் இதை எழுதினா அவர் பட்டம் போயிடும். புள்ளிப்படி உங்களுக்குத்தான் வரும். அப்புறம் எதுக்கு மறைக்கிறீங்க?"

அவர் தன் வண்டிக்கு முன்னால் நகர்ந்து நின்றார். பட்டியலில் அடுத்தது அவர் வண்டி. தார்ப்பாயைப் பிடித்தேன்.

"அதைத் தொடாதே!" முதல்முறையாகக் குரல் உயர்ந்தது.

அதற்குள் இழுத்துவிட்டேன்.

ஃப்ரேமில் 402.

அதற்குக் கீழே இன்ஜின் இல்லை. இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. அதன் வழியாக, அந்தப் பக்கத்து ஓடைப் பள்ளம் தெரிந்தது.

தார்ப்பாயை மூடிவிட்டுப் பருந்தின் வண்டிக்குப் போய்க் குனிந்தேன்.

நான் நிமிரவும் செயலாளரும் மகளும் வரவும் சரியாக இருந்தது.

"நம்பர் என்னம்மா?"

"படிக்க முடியலை சார், ஒரே மண்ணு," என்றேன், சேற்று விரல்களை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.